வண்டி ஏன் ஆடுகிறது? கட்டை வண்டி முதல் பிக்கப் வரை ஒரு நடுக்கத்தின் வரலாறு



வரலாறு படிக்கிற பையனுக்கு வண்டி ரிப்பேர் எதற்கு என்று நினைக்காதீர்கள். இதுவும் வரலாறுதான். ராஜா, போர், உடன்படிக்கை எதுவும் வராது, அவ்வளவுதான். ஒரு சக்கரம் ஏன் ஆடுகிறது என்ற கேள்விக்கு மனிதர்கள் எத்தனை காலமாகப் பதில் தேடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை இது. தேட வைத்தது எங்கள் வீட்டு வண்டி. அதனால் முதலில் வீட்டுக் கதை, பிறகு உலகக் கதை.

எங்கள் வீட்டுப் பிக்கப்

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி தாலுகா. இங்கிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரைக்கும் கரிசல் காடு, மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், மல்லி, பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான்.

அப்பா ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. 15 வருஷம் ஓடிய எந்த வண்டிக்கும் இந்தக் கதை பொருந்தும். மிளகாய் மூட்டையோ கரி மூட்டையோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். என் காலேஜ் பீஸ் அந்த வாடகையில்தான் கட்டப்படுகிறது.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஊருக்குள் 30, 40இல் போகும்போது ஒன்றும் தெரியாது. நான்கு வழிச்சாலையில் ஏறி 60ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறும். 80ஐத் தொட்டால் கொஞ்சம் அடங்கும். "ரோடு சரியில்லடா"ன்னு அப்பா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார் ரோடு அதோடு சேர்ந்து அலை அலையாக வளைந்து கிடக்கும். எங்கள் பக்கம் வண்டி ஆடினால் ரோட்டின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் நான்கு வழிச்சாலை அப்படி இல்லையே?

ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டீயரிங் பாக்ஸ் போச்சு, கிங் பின் போச்சு, எல்லாத்தையும் மாத்தணும்" என்று 25,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் எப்.சி. வேறு. அப்பா வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்து, "வித்துரலாம்னு பாக்குறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். வண்டி போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று இரவுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

மணிக்கு 4 கிலோமீட்டர்

எங்கள் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, தச்சு வேலை செய்தவர். கட்டை வண்டிச் சக்கரம் செய்வார். நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், வெளியே வட்டை. வட்டைத் துண்டுகளை வட்டமாகக் கூட்டி, அதன் மேல் இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிப் போடுவார்கள். சூட்டில் விரிந்த பட்டை, தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி, மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணியே வேண்டாம். அச்சு தேயாமல் இருக்க, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. சக்கரம் கழன்று ஓடாமல் இருக்கக் கடையாணி.

இந்த வண்டியில் நடுக்கம் என்ற நோயே கிடையாது. குலுக்கல் உண்டு, இடுப்பு ஒடியும். ஆனால் அது ரோடு தருகிற குலுக்கல். சக்கரம் தானாக ஆடுவது வேறு.

ஏன் இல்லை? ஒரு சின்னக் கணக்கு. 5 அடி உயரச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். மாடு மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கிறது என்றால், சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 14 தடவை சுற்றும். பிக்கப்பின் சக்கரம் சிறியது. அது மணிக்கு 80 கிலோமீட்டரில் விநாடிக்கே 10 தடவை சுற்றும், அதாவது நிமிஷத்துக்கு 600க்கும் மேல். சக்கரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடுதலாக இருந்தால், அது வெளியே இழுக்கும் விசை சுழற்சி வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அய்யா செய்த சக்கரத்தில் அரைக் கிலோ ஏறுக்கு மாறாக இருந்தாலும் மாட்டுக்குத் தெரியாது. வேகம் கூடினால்தான் தெரியும்.

அதனால் நடுக்கத்தின் வரலாறு வேகத்தின் வரலாறுதான்.

அச்சைத் திருப்பாதே, சக்கரத்தைத் திருப்பு

நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதுமே நடுவில் ஓர் ஆணியில் திரும்பும். ஒரு சக்கரம் கல்லில் இடித்தால் மொத்த அச்சும் திருகிக்கொள்ளும். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் வண்டி செய்த ஜார்ஜ் லாங்கென்ஷ்பெர்கர், அச்சை அசையாமல் வைத்து, இரண்டு முனைகளிலும் சக்கரங்களை மட்டும் தனித்தனி ஆணிகளில் திருப்பும் வழியைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் அவருக்காக 1818இல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, விண்ணப்பம் போட்டவர் பெயர் நின்றுவிட்டது. இன்றும் இன்ஜினியரிங் பையன்கள் அதை "ஆக்கர்மன் ஸ்டீயரிங்" என்றுதான் படிக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முன்பு ஓர் ஆணி இருந்த இடத்தில் இப்போது இரண்டு. இரண்டையும் இணைக்க ஒரு கம்பி, அதுதான் டை ராட். அதன் முனைகளில் மூட்டுகள். ஒவ்வொரு மூட்டும் தேயும். வண்டி நன்றாகத் திரும்ப ஆரம்பித்த அன்றே, தளர்ந்து ஆடுவதற்கான இடங்களும் கூடிவிட்டன.

ஆரம்ப கால மோட்டார் கார்களில் ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது, படகின் சுக்கான் மாதிரி ஒரு கோல். கையை எடுத்தால் வண்டி எங்கேயாவது போகும். 1894இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த ஓட்டத்தில் ஆல்ஃப்ரெட் வாஷரோன் தன் பனார் காரில் வட்டமான ஸ்டீயரிங்கைப் பொருத்தினார். ஆர்தர் கிரெப்ஸ் 1896இல் முன் அச்சைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். இதைத்தான் காஸ்டர் என்கிறோம். திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராக வருகிறதே, அது இந்தச் சாய்வு தந்த வரம்.

வரம் என்றால் கூடவே ஒரு சாபமும் இருக்கும் அல்லவா? சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். தன்னை நேராக்கிக்கொள்ளத் தெரிந்த சக்கரம், நேரான இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போகிறது. மூட்டில் தளர்ச்சி இருந்தால் இந்த ஆட்டம் நிற்காது.

1920கள்: சக்கரம் ஆடிய நடனம்

1923இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை டயர்கள் ஒல்லியாக, கல் மாதிரி காற்றடித்து இருக்கும். பலூன் டயர் பெருத்தது, ஏறக்குறைய பாதிக் காற்றே போதும். சவாரி மெத்தை போல இருந்தது. அதே காலத்தில்தான் முன் சக்கரங்களுக்கும் பிரேக் வைப்பது பரவியது. அச்சின் இரண்டு முனைகளிலும் எடை ஏறியது. ரோடுகள் நன்றாகி வேகமும் கூடியது.

மூன்றும் சேர்ந்ததும் உலகம் முழுக்கக் கார்கள் ஆட ஆரம்பித்தன. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், முன் சக்கரம் இரண்டும் வெறி பிடித்த மாதிரி இடதும் வலதும் அடித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தினால்தான் ஓயும். அப்போது அமெரிக்காவில் தோளைக் குலுக்கி ஆடும் "ஷிம்மி" என்ற நடனம் பிரபலம். இந்த நோய்க்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

1925இல் ஜார்ஜ் புரூலியே என்ற பிரெஞ்சு இன்ஜினியர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டயர் என்பது கெட்டியான வட்டு இல்லை, பக்கவாட்டில் நெளிகிற ரப்பர், அது பார்க்கிற திசை ஒன்று, போகிற திசை ஒன்று, நடுவில் ஒரு சின்னக் கோணம் இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். இன்று கார் ஓட்டத்தைப் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்திலும் முதலில் வருவது அந்தக் கோணம். அது பிறந்தது ஒரு ரிப்பேர் கேள்வியிலிருந்து!

இன்னொரு காரணமும் தெரிய வந்தது. வீட்டிலேயே செய்து பாருங்கள். சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்து, ஒருவரைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது ஒரு கையை மட்டும் மேலே தூக்கினால் சக்கரம் பக்கவாட்டில் திரும்பும். பழைய வண்டியில் இரண்டு முன் சக்கரமும் ஒரே கெட்டி அச்சில் இருக்கின்றன. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு சாயும், சாய்ந்தால் சுழலும் சக்கரங்கள் திரும்பும், திரும்பினால் அச்சு மறுபடி சாயும். ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் தீர்வு? இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சை எடுத்துவிடு! இத்தாலியின் லான்சியா லாம்ப்டா கார் 1922லேயே தனித்தனி முன் சஸ்பென்ஷனோடு வந்துவிட்டது. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் மாரிஸ் ஓல்லி. ஆங்கிலேயர், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் காடிலாக்குக்குப் போனவர். அவர் செய்த வேலையின் பலனாக ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1934 மாடல் கார்களில் தனித்தனி முன் சஸ்பென்ஷனைக் கொடுத்தது. கார் உலகத்தில் ஷிம்மி ஏறக்குறைய ஒழிந்தது.

ஆனால் சுமை தூக்குகிற வண்டிகள்? லாரியும் ஜீப்பும் பட்டையும் கெட்டி அச்சுமாகவே இருந்தன. பாரம் தாங்கும், எளிதில் உடையாது, எந்த ஊர்ப் பட்டறையிலும் சரி செய்யலாம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு முன்னால் கெட்டி அச்சுதான். 1940களின் இறுதியில் மகிந்திரா அந்த ஜீப்பின் பாகங்களை இறக்கிப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அந்த அச்சோடு அந்த நோயும் வந்தது. ஜீப் ஓட்டுகிறவர்கள் ஆங்கிலத்தில் இதை "டெத் வாபிள்" என்பார்கள். சாவு ஆட்டம்!

நம்ம பக்கம்

நம் மாகாணத்துக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. 1903இலேயே மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவி கார் ஒன்றைக் கட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டியில் பூட்ட டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் செய்து கொடுத்தார். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் தொழிற்சாலையும் தொடங்கினார்.

இந்த ரீட்ரேடிங்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1946இல் மெட்ராஸ் திருவொற்றியூரில் கே.எம். மாம்மென் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952இல் அந்தக் கம்பெனி ரீட்ரேடிங்குக்கான ரப்பர் செய்யத் தொடங்கியது. டயர் செய்தது 1960களில்தான். அதுதான் எம்.ஆர்.எஃப். அதாவது புது டயர் செய்வதற்கு முன்பே, பழைய டயருக்கு உயிர் கொடுக்கும் தொழில் அதற்குச் சோறு போட்டது. புது டயர் வாங்க வசதி இல்லாத நாட்டில் இது ஒன்றும் ஆச்சரியமில்லை. இன்றும் லாரித் தொழில் இதை நம்பி ஓடுகிறது. தவறில்லை. எந்தச் சக்கரத்தில் போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

கிராமத்துச் சரக்கு நெடுங்காலம் மாட்டு வண்டியில்தான் போனது. ஐ.ஐ.எம். பெங்களூரின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைத் திருத்தினால் மாடும் விவசாயியும் பிழைப்பார்கள் என்று பல வருஷம் பேசியவர். காற்றடித்த டயர் போட்ட மாட்டு வண்டிகளும் வந்தன, நாங்கள் டயர் வண்டி என்போம். பிறகு 1986இல் டாடா 407, 1988இல் டாடாமொபைல், 2005இல் டாடா ஏஸ் என்று சின்னச் சரக்கு வண்டிகள் வர வர, தொழுவத்தில் மாடு நின்ற இடத்தில் பிக்கப் நின்றது. அய்யாவின் உளி துருப்பிடித்தது.

நடுக்கத்தைக் கேட்கத் தெரிய வேண்டும்

சரி, வரலாறு போதும். அதை வைத்து வண்டியைப் பார்ப்போம். நடுக்கம் எல்லாம் ஒன்றில்லை. எப்போது வருகிறது, எங்கே தெரிகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங்கில் வந்தால், முன் சக்கரம் ஏறுக்கு மாறாக இருக்கிறது. பேலன்ஸ் போயிருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், டயர் வீங்கியிருக்கலாம். ரிம் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கனத்தோடு விநாடிக்கு 10 தடவை இழுக்கும். 40 கிலோமீட்டரில் அதில் கால்வாசிதான். அச்சும் ஸ்டீயரிங்கும் இயல்பாக ஆடும் தாளமும் சக்கரத்தின் தாளமும் ஒன்றாகும்போது ஆட்டம் பெரிதாகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. அந்த வேகத்தைத் தாண்டினால் அடங்கும்.

2. அதே மாதிரி ஆட்டம் சீட்டிலும் தரையிலும் தெரிந்து, ஸ்டீயரிங் அமைதியாக இருந்தால் பின் சக்கரம்.

3. ஆட்டமாக இல்லாமல், பொடியாக, "உர்ர்ர்" என்று சீட்டுக்குக் கீழே வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதன் ஜாயின்ட் கிராஸையும் பாருங்கள். பிக்கப்பில் அந்த ஷாஃப்ட் சக்கரத்தைப் போல நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும், அதனால் நடுக்கமும் பொடியாக இருக்கும்.

4. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரம்மோ டிஸ்கோ கோணியிருக்கிறது. சக்கரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

5. பள்ளத்தில் விழுந்ததும் திடீரென்று வெறித்தனமாக ஆடி, வண்டி மெதுவான பிறகே நின்றால் அதுதான் ஷிம்மி. கிங் பின், டை ராட் எண்ட், பட்டையின் புஷ், வீல் பேரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஓடும்போது வந்தால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஓரம் கட்டுங்கள். ஸ்டீயரிங் டேம்பர் மட்டும் புதிதாகப் போட்டால் ஆட்டம் மறைந்திருக்கும், நோய் அப்படியே இருக்கும்.

ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கியதும் (மற்ற சக்கரங்களுக்குக் கல் அணை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்) மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போனால் பேரிங், போகாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அதில் தளர்ச்சி தெரிந்தால் டை ராட் பக்கம்.

எங்கள் வண்டியில் என்ன இருந்தது?

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவிடம் காட்டினேன். "காலேஜ்ல இதையா சொல்லிக் குடுக்குறாங்க?" என்றார். ஆனாலும் ஜாக்கியை எடுத்து வந்தார்.

முதல் சக்கரத்தைக் கழற்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. ரிம்மின் உள்பக்கம் ஒரு ஓரமாகக் கரிசல் களி காய்ந்து கல்லாக அப்பியிருந்தது. கம்பியால் நெம்பி எடுத்துத் தராசில் போட்டோம், 200 கிராமுக்கு மேல் இருந்தது. 30 கிராமுக்கே இரண்டரைக் கிலோ இழுப்பு என்றால் இதற்கு என்ன கணக்கு என்று பாருங்கள். ஐப்பசி மழையில் மிளகாய்க் காட்டுக்குள் இறங்கியபோது ஒட்டிய மண். எங்கள் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் சொல்கிறேன், காசு செலவழிக்கும் முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

நான்கையும் சுத்தம் செய்து ஓட்டினோம். ஆட்டம் பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

அடுத்து, முன் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மாற்றினோம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வலது சக்கரம் பின்னால் போனபோது மாற்றமில்லை. இடது சக்கரம் பின்னால் போனதும் ஸ்டீயரிங் அமைதியாகி, சீட் ஆட ஆரம்பித்தது! நோய் சக்கரத்தோடு இடம் மாறிவிட்டது. ஸ்டீயரிங் பாக்ஸில் நோய் இருந்திருந்தால் அது எப்படிப் பின்னால் போகும்? 25,000 ரூபாய்க் கணக்கு அந்த இடத்தில் விழுந்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அய்யா மெதுவாக எழுந்து வந்தார். "அந்தச் சக்கரத்த முன்னாடியே மாட்டித் தூக்கி நிறுத்துங்கப்பா" என்றார். டயருக்குப் பக்கத்தில் இரண்டு செங்கலை அடுக்கி, அதன் மேல் ஒரு சாக்பீஸை டயரைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, "சுத்து" என்றார். சுற்றினேன். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் சாக்பீஸ் கோடு போட்டது. வட்டை கோணியிருக்கிறதா என்று அவர் அறுபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முறை.

கோடு விழுந்த இடத்தைக் கையால் தடவினோம். உள்ளங்கை அளவுக்கு வீக்கம். கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. அது ரீட்ரேட் டயர். ஒட்டிய ரப்பர் உள்ளே பிரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. முன்பு பின்னால் ஓடிய டயர், பங்சர் போட்ட ஒரு நாள் அவசரத்தில் முன்னால் மாறி, அப்படியே நின்றுவிட்டது.

அப்பா அதன் மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை திருச்சுழி திருமேனிநாதர் கோயிலில் எங்கள் அத்தை பேரனுக்கு மொட்டை. பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று பன்னிரண்டு பேரை அந்த வண்டியின் பின்னால் ஏற்றிப் போவதாகப் பேச்சு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், எங்கள் பக்கம் எல்லோரும் செய்வோம். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போகலாம். ரோடு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதம் அந்த டயரில்தான் ஓட்டியிருக்கிறோம்.

இடமும் வலமும் ஆட்டிப் பார்த்ததில் ஒரு டை ராட் எண்டிலும் தளர்ச்சி இருந்தது. ஊரில் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி வந்து பார்த்து, அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், கிங் பின் நன்றாக இருக்கிறது என்றார். முன்னால் இரண்டு புது டயர், ஒரு டை ராட் எண்ட், பேலன்சிங், அலைன்மென்ட். பட்டறை சொன்னதில் பாதிக்கும் குறைவாக முடிந்தது. 60, 70, 80 என்று ஓட்டிப் பார்த்தோம். அப்பா ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்கில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்.சி.யும் முடிந்தது.

திருச்சுழிக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். அப்பாதான் சொன்னார்.

முடிவாக

இந்தக் கதையில் மூன்று விஷயம் எனக்குப் பிடித்தது. ஒன்று, 1925இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்ட கேள்விதான் மல்லாங்கிணற்றில் என் அப்பாவின் கையிலும் உதறியது. இரண்டு, இது முடிந்துபோன பாடம் இல்லை. விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கும் இதே நோய் உண்டு. 1941இல் ஜெர்மனியில் ஃபான் ஷ்லிப்பெ, டீட்ரிச் என்ற இருவர் அதைக் கணக்காக எழுதினார்கள், இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. மூன்று, பெரிய பாகத்தை மாற்றச் சொல்வது சுலபம், சின்னதிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

அன்று சாயங்காலம் அய்யாவிடம், "உங்க காலத்துல சக்கரம் இப்படி ஆடுனா என்ன செய்வீங்க அய்யா?" என்று கேட்டேன்.

"ஆடுனா மாட்ட நிறுத்திட்டு இறங்கிப் பாப்போம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை இறங்கி, டயரைக் கையால் தடவிப் பாருங்கள். அடுத்த கட்டுரையில் வேறு விஷயத்தோடு சந்திப்போம்.